ஒரு தரம், இரண்டு தரம்

எட்மன்டன். நவம்பர் பன்னிரண்டு. மைனஸ் பதினொன்று.
கார் நிறுத்தக் கட்டடத்தின் மூன்றாம் தளம்.
ஆறே முக்காலுக்கு முதல் லாரி,
ஏழே காலுக்கு இரண்டாவது.
இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வர ஒன்பதாகிவிட்டது.
சரக்கு ரயிலின் நூற்றுப் பத்துப் பெட்டிகளை
எண்ணிக்கொண்டு கேட்டில் நின்றானாம் ஹர்ஜிந்தர்.
சொல்லும்போது என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னான்.

கூம்பை நிறைத்தேன். மூன்று அடுக்கு,
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
மெல்லத் தூக்கினால்
தன் காலில் நிற்க வேண்டிய கலவை
மோர்க்குழம்பாய்ப் பரவியது.
நூற்று நாற்பது மில்லிமீட்டர் சரிவு.
நூறுக்கு மேல் எனக்கு ஆகாது.
தண்ணீர் எங்கே சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

ஃபோர்மேன் டுவெய்ன் ஆங்கிலத்தில்தான் சொன்னான்.
என் காதில் அது
'இன்னொரு தரம் பாரேன்' என்று விழுந்தது.
எங்கள் பேச்சில் தடவைக்கும் தரம் என்றே பெயர்.
ஏலக்காரன் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி
மூன்றில்தான் சுத்தியலை இறக்குவான்;
விதிப்புத்தகமோ என்னை இரண்டோடு நிறுத்தச் சொல்கிறது.

இரண்டாம் தரம்: நூற்று முப்பத்தைந்து.

எட்டு கன மீட்டர் வந்த வழியே போயிற்று.
டுவெய்ன் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.
திட்ட மேலாளர் கால்கரியிலிருந்து கூப்பிட்டார்,
யார் பணம் கட்டுவது என்று.
தரமாட்டேன் என்றேன், கையெழுத்தை.
அன்று மாலைவரை முதுகு வளையவே இல்லை எனக்கு.

கான்கிரீட் உடனே வாய் திறக்காது.
அன்றைய கலவையை உருளைகளாய் வார்த்து,
முதல் இரவு சூடான பெட்டியில் உறங்கவிட்டு,
இருபத்தெட்டாம் நாள் நசுக்கிக் கேட்க வேண்டும்.
அதற்குள் நான்காம் தளம்
அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

டிசம்பர் பத்தாம் தேதி லேபிலிருந்து தாள் வந்தது.
கேட்ட வலிமை முப்பத்தைந்து.
வந்தது இருபத்தாறு.
இரண்டாவது லாரி. நான் பாஸ் செய்தது.

கன்டெய்னர் ஆபீஸில் கூடினோம்.
ஏன் என்று ஐந்து தரம் கேட்பது எங்கள் பழக்கம்.
ஏன் குறைந்தது? உருளைகள் முதல் இரவே உறைந்திருந்தன.
ஏன்? பெட்டியின் ஹீட்டர் ஓடவில்லை.
ஏன்? பிளக் தரையில் கிடந்தது.
நான்காவது ஏனுக்கு எல்லோரும் ரொடெலைப் பார்த்தார்கள்,
கண்ட இடத்தில் செல்போன் சார்ஜ் போடுகிறவன் அவன்.

நானும் பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும்.

பிறகு நினைவு வந்தது என்று சொல்லலாம்.
வந்த நினைவை அரை நிமிடம்
வாசலிலேயே நிற்கவைத்தேன் என்பதுதான் சரி.
லாரியைத் திருப்பிய அந்தச் சாயங்காலம்
விரல்கள் விறைத்துப்போய்
கெட்டிலுக்கு பிளக் தேடினேன்.
இஞ்சி டீ. ஒரே ஒரு தரம்.
எழுபத்தைந்து குத்தைத் தவறாமல் எண்ணிய கை
பிடுங்கியதைத் திரும்பச் செருகவில்லை.

குறைபாட்டு அறிக்கை, எண் பதினேழு.
'பொறுப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்: மங்கையர்க்கரசி.
இந்த நாட்டுப் படிவங்கள் என் பெயருக்குப் போதாது.
கடைசி நான்கு எழுத்துகள் கோட்டைத் தாண்டி
'காரணம்' என்ற கட்டத்துக்குள் போய்விட்டன.
அப்படியே விட்டுவிட்டேன்.
ரொடெல் ஒன்றும் சொல்லாமல்
தன் சார்ஜரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

தளத்தில் மூன்று இடத்தில் துளைத்து
கல்லையே எடுத்து நசுக்கினார்கள். முப்பத்தெட்டு.
தளத்துக்கு ஒன்றுமில்லை,
சாட்சிக்குத்தான் குளிர் பிடித்திருந்தது.
துளைத்ததற்கான பில்
திருப்பிய லாரியைவிடக் கூடுதல்.

இப்போது அந்த பிளக்கின்மேல் மஞ்சள் டேப்.
எடுக்காதே என்று ஆங்கிலத்தில்,
ஹர்ஜிந்தர் கையில் பஞ்சாபியில்,
ரொடெல் கையில் தகாலோகில்.
கீழே சின்னதாய்த் தமிழில்.
அந்த சைட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.