எட்டுத் துடுப்பு

நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கிற சுகிர்தராஜ்
கிறீஸ் கையால் மூன்று படங்களைத் தள்ளி வைத்து
"எது வேணும், சொல்லுங்கோ மெற்றில்டா அக்கா" என்கிறான்.
ஆறு துடுப்பு. எட்டு. பத்து.
பின்சில்லின் குறுக்கே எழும்பி நிற்கிற ரப்பர் வரம்புகள்,
கரண்டிபோலக் கொஞ்சம் குழிந்து.
"பத்துப் போட்டால் பறக்கும்."
பறக்கவா கேட்டேன்?

மணற்காட்டில் கரைவலை ஏறுகிற இடத்திலிருந்து
சவுக்குத் தோப்பு விளிம்பு வரை
ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.
அதற்குள் இரண்டு மேடு,
வாடைக்கு ஓரிடம், சோளகத்துக்கு இன்னோரிடம்.

முந்தநாள் இரண்டாவது மேட்டின் முக்கால்வாசியில்
பழைய டயர் சும்மா சுழன்றது.
அமத்த அமத்தக் கீழே போனது.
அச்சு மண்ணுக்குள், நான் மண்ணுக்கு மேலே,
நடுவில் நாற்பது கிலோ அறக்குளா.
ஐஸ் உருகி என் செருப்பை நனைத்தபோது
விலையும் கூடவே ஒழுகியது.

காரைநகரில் இழுத்து மூடிய ஹோட்டலின் ஏலத்தில்
எடுத்த வண்டி இது.
வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூச்சலிட்டுத் திரிந்த சீற்றில்
இப்போது மீன்பெட்டி குந்தியிருக்கிறது.
இருநூற்றைம்பது சீசீ.
இந்த எஞ்சினுக்குப் பத்துத் துடுப்பு
வாய்க்குப் பெரிய கவளம், விக்கும்.
ஆறு என்றால் பெட்டிப் பாரத்துக்கு வழுக்கும்.
"அப்ப எட்டு" என்று நானே சொல்கிறேன்,
சுகிர்தராஜ் தலையாட்டுகிறான்,
தான் சொன்னதுபோல.

முன்னுக்குத் துடுப்பே கூடாதாம்.
வழுவழுப்பான டயர், நடுவில் ஒரேயொரு நீள வரம்பு.
பின்சில்லு தள்ளுகிற தள்ளுக்குத்
திசை சொல்ல அது காணுமாம்.
காற்று ஐந்து இறாத்தல்.
"தாரில மட்டும் ஓடாதேங்கோ. தார் அரத்தைப்போலத் தின்னும்."

தார்தான் சிக்கல்.
சவுக்கிலிருந்து குடத்தனைச் சந்தி வரை தார்.
சோடி எண்பத்தெட்டாயிரம் கொடுத்துவிட்டு
அதைக் கல்லுக்கும் வெயிலுக்கும் தேய்க்கவா?

பொலிசும் இருக்கிறது.
போன மாதம் சந்தியில் மறித்து
"மண் ஏத்துறியோ?" என்றார்.
பெட்டியைத் திறந்தேன். ஒரு சூடை மல்லாந்து அவரைப் பார்த்தது.
அவர் பெட்டிக்குள் விரல் விட்டுக் கிளறுகிற நேரத்தில்
அவருடைய முதுகுக்குப் பின்னால் டிப்பர்கள் போயின.
நான் நாலு எண்ணினேன்.
தார்ப்பாய் ஓரத்தால் மண் கொட்டிக்கொண்டே போனது.
இனி, வாரி அள்ளுகிற வடிவத்தில் சில்லும் பூட்டிப் போனால்
என்ன கேட்பாரோ.

காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
கேட்காமல் வந்த கேள்வி ஒன்று இருக்கிறது.
துடுப்பு ஒன்று எத்தனை பிடி மண்ணைப் பின்னால் எறியும்?
எவ்வளவு தூரம்?
மேட்டுக்குக் கீழே சேமக்காலை.
காற்று ஏற்கெனவே பாதி மூடிவிட்டது.
சில சிலுவைகளுக்குக் கைகள் மட்டும் வெளியே.
ஒவ்வொரு நவம்பரும் கூடிப்போய் விலக்குகிறோம்.
நானும் என் பங்குக்கு மூட வேண்டாம்.

ஆகவே வழியை மாற்றினேன்.
தெற்கால் சுற்றி, முந்நூறு மீற்றர் கூட.
தாருக்கு யூட்சனின் லான்ட்மாஸ்டர்.
நாளுக்கு இரண்டு கிலோ மீன், நல்ல சாதி, தலையோடு,
என்று தோப்பு விளிம்பில் நின்று பேசி முடித்தோம்.
மூன்று கிலோவில் தொடங்கினவன்.

இன்று விடிய ஆறு மணிக்குப் பெட்டி இரண்டு.
மேட்டடியில் நிற்கவில்லை, அமத்தவும் இல்லை,
ஒரே சீராய்க் கொடுத்தேன்.
வண்டி மண்ணை ஓடமாட்டாத தண்ணியென்று நினைத்து
வலித்து வலித்து ஏறியது.
உச்சியில் திரும்பிப் பார்த்தேன்.
ஏணியொன்றைப் படுக்கப் போட்டதுபோலத் தடம்.
சேமக்காலைப் பக்கம் ஒரு மணியும் விழவில்லை.

பத்து மணிக்குத் தடத்தைக் காணோம்.
பெட்டியில் ஐஸ் மிச்சம்.
இறக்கத்தில் வால் கொஞ்சம் ஆடுது.
நாளைக்குக் காற்றை நாலரையாக்கிப் பார்க்கவேணும்.