பாலத்தின் மேற்கு முனை, காலை ஏழு முதல் பத்து வரை

என் வேலை எண்ணுவது.
ஒரு மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு,
கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன இயந்திரம்.
கார் வந்தால் ஒரு சொடுக்கு.
கார் வந்தால் ஒரு சொடுக்கு.
லாரிக்கு நீலப் பொத்தான், பேருந்துக்குச் சிவப்பு,
சைக்கிளுக்குத் தாளில் பென்சில் கோடு.
தேநீர் என் செலவு.

ஓல்டர்பி நகருக்கு
லண்டனிலிருந்து கடிதம் வந்திருந்தது.
இருநூறு மில்லியன் பவுண்டு தருகிறோம்,
டிராம் விட்டுக்கொள்ளுங்கள்,
புதுப் பேருந்து வாங்கிக்கொள்ளுங்கள்,
ஒன்றே ஒன்றுதான்:
காலையில் ஊருக்குள் நுழைகிற சக்கரத்துக்கு
நீங்களே விலை வைத்துவிடுங்கள்.
அந்த 'நீங்களே'யை
கவுன்சிலில் மூன்று முறை வாசித்தார்களாம்.
"அணைக்கிற கை அவர்களுடையது,
அடிக்கிற கை மட்டும் நம்முடையதாக இருக்கணும்,"
என்றார் போக்குவரத்துப் பிரிவின் மோய்ரா ஆர்க்ரைட்,
எனக்கு நாற்காலியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியபோது.

விலை வைக்குமுன் கணக்குத் தெரிய வேண்டும்.
அதற்கென்று முன்பணம் கொஞ்சம் வந்தது.
அந்தக் கொஞ்சத்தில் ஒரு துளி நான்.

முதல் வாரம் கார்களை எண்ணினேன்.
இரண்டாம் வாரம்
உள்ளே இருப்பவர்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்,
அது வேறு எண்ணம்.
ஐந்து இருக்கைக் காரில் ஒருவர்.
ஏழு இருக்கைக் காரில் ஒருவர்,
பக்கத்தில் சீட்பெல்ட் மாட்டிய கேக் பெட்டி.
ஸ்டியரிங்மேல் துணி விரித்து
அவித்த முட்டை உரிக்கிற ஒருவர்.
திங்கட்கிழமை அழுதுகொண்டே போன ஒருத்தி,
செவ்வாயன்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.
படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பெர்னிஸ் பில்லிங்கின் பச்சைக் கார்
ஒரு நாளைக்கு ஆறு முறை பாலத்தைக் கடக்கும்.
எழ முடியாதவர்களை எழுப்பி, துடைத்து,
மாத்திரை விழுங்கவைத்து, அடுத்த வீடு.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலான நேரத்துக்கு
கம்பெனி சம்பளம் தருவதில்லை.
"சம்பளம் இல்லாத நேரத்துக்கு
இனி நான் கப்பமும் கட்டணுமா?"
கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.
பின்னால் ஹாரன்.
நான் சொடுக்கினேன்.
என்னிடம் இருந்த பதில் அதுதான்.

நாற்பத்துமூன்றாம் எண் பேருந்து
அன்றே, அதே காருக்குப் பின்னால்
பதினொரு நிமிடம் நின்றது.
மாடியில் முப்பது பேர், கீழே முப்பது,
படிக்கட்டருகே கைவண்டியில் தூங்குகிற குழந்தை.
எல்லோரும் சேர்ந்து என் கணக்கில்
ஒன்று.
சிவப்புப் பொத்தானை அழுத்த
விரலுக்குக் கொஞ்சம் கூசியது.

டிசம்பரில் ஓட்டு. தபாலில் சீட்டு வந்தது.
தெருவில் பாதி ஜன்னல்களில் 'வேண்டாம்',
கால்வாசியில் 'வேண்டும்',
என் ஜன்னலில் திரைச்சீலை.
எதில் குறி போட்டேன் என்று
பெர்னிஸிடம் சொல்லவில்லை,
மோய்ராவிடமும்.

ஐந்து பேரில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்.
வராத பணம் திரும்பிப் போனதற்கு
ஆற்றங்கரையில் சிலர் வாணவேடிக்கை விட்டார்கள்.
வேறொரு ஊரின் பெயரெழுதி
அதே கடிதம் போயிருக்கும் என்று பேச்சு.

மறுநாள் காலை நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன்.
வழக்கமாக விடியுமுன் வந்துவிடுவேன்,
அன்று எட்டேகால்.
பாலத்தின் நடுவில் நின்றுபோனேன்.
நடைபாதையில் நான் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது:
பாசியில் நான்கு கால்தடம்,
ஒரு தேநீர்க் கோப்பையின் மூடி.
அங்கே யாரும் இல்லை.
பக்கத்து இருக்கையில் வைத்த நாற்காலிக்கு
பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது.
போட்டுவிட்டேன்.

எதிர்வரிசையில் பச்சைக் கார்.
பெர்னிஸ் கையை உயர்த்திக் காட்டினாள்,
ஜெயித்துவிட்டோம் என்றா,
நேரமாகிறது என்றா,
கண்ணாடியில் மழை, சரியாகத் தெரியவில்லை.
நானும் உயர்த்தினேன்.
அதற்கு மேல் நகர
இருவருக்கும் இடமில்லை.