இரண்டாவது பஸ்

ஹல்லில் தோற்றுத் திரும்பும் இரவு.
எம் அறுபத்திரண்டு நெடுஞ்சாலை முழுக்க மழை.
வைப்பர் இந்தப் பக்கம் போனால் கோப்பை,
அந்தப் பக்கம் வந்தால் தரமிறக்கம்.
நான் சொன்னதில்லை,
மூன்றாவது வரிசையில் டென்ஸில் சொன்னது.
விவாகரத்துக்குப் பிறகு அவன்
எதையும் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறான்.

நான் ஓட்டுநர்.
தோர்ன்ராய்ட் ரசிகர்களின் இரண்டாவது பஸ் என்னுடையது.
முதல் பஸ்ஸில் கிளப் பெரியவர்கள், கழிப்பறை உண்டு.
இதில் வாய் மட்டும் உண்டு.

விஷயம் இதுதான்:
வரும் சனிக்கிழமை வெம்ப்ளியில் இறுதி ஆட்டம்.
ஐந்து நாள் கழித்து, லீக்கின் கடைசி ஆட்டம், பிர்க்லியோடு.
பட்டியலின் அடியில் பிர்க்லி.
ஒரே ஒரு புள்ளி மேலே இவர்கள்.
விலியாமியின் முழங்காலில்
இன்னும் ஒரு ஆட்டம்தான் மிச்சமாம்.
அதை எங்கே செலவழிப்பது?

"வெம்ப்ளியில்" என்றார் வெர்னன், பையைக் கடித்தபடி.
"எண்பது நிமிஷம். அப்புறம் செத்தாலும் சரி.
அப்பா வெம்ப்ளி பார்க்காமலே போய்விட்டார்.
சாம்பலை பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.
அவருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று."

"உன் அப்பா கரண்ட் பில் கட்டுவாரா?"
ஐலீன். ரசிகர் சங்கப் பொருளாளர்.
மடியில் தகரப் பெட்டி.
"கீழே இறங்கினால் பையன்களுக்குப் பாதிச் சம்பளம்.
விலியாமி பிரான்சுக்குப் பறந்துவிடுவான்.
ரோவீனா பை கடையை மூடிவிடுவாள்.
நீ கோப்பையை ஞாயிறுதோறும்
துடைத்துக்கொண்டு உட்கார்ந்திரு."

மீசையில் இறைச்சிக் குழம்பு வழிய
வெர்னன் சிரித்தார்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
பஸ் முழுக்க அப்படித்தான்.

"ஐந்தாவது டேக்கிள் முடிந்துவிட்டது" என்றான் டென்ஸில்,
"இனி யோசிக்க முடியாது, உதைத்தே ஆகணும்."
எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் தூங்கிய ஒருவன் விழித்து,
"ரெண்டும் போயிட்டா?" என்றான்.
எல்லோரும் அவன்மேல் சிப்ஸ் எறிந்தார்கள்.

பிறகு வாக்கெடுப்பு.
சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீட்டு.
தகரப் பெட்டி கைமாறிக் கைமாறிப் போய் வந்தது.
கோப்பைக்கு இருபத்துமூன்று.
லீக்குக்கு இருபத்துமூன்று.
ஒரு சீட்டில்
'முழங்கால் பாவம்' என்று எழுதியிருந்தது.

"டிரைவர், உன் ஓட்டு?"
"ரோட்டைப் பார்க்கணும்" என்றேன்.

என் இருக்கைக்கு அடியில் சாப்பாட்டுப் பை.
பைக்குள், சாண்ட்விச்சுக்குக் கீழே,
மடித்த மஞ்சள் கழுத்துத்துணி.
நான் பிர்க்லிக்காரன்.
கோப்பையின் முதல் சுற்றிலேயே
தபால்காரர்கள் அணியிடம் தோற்றோமே, அந்தப் பிர்க்லி.
எங்களுக்கு மீசை இல்லை.
கூழோ ஒரு புள்ளி தூரத்தில்.

தோர்ன்ராய்ட் சந்தையில் இறங்கும்போது
வெர்னன் தோளைத் தட்டினார்.
"வெம்ப்ளிக்கும் நீதானே ஓட்டுற?"
"நான்தான்."
"எங்களுக்காக வேண்டிக்கோ."
"வேண்டிக்கிறேன்."

பொய்யில்லை.
கோப்பை இவர்களுக்கே கிடைக்கட்டும்.
விலியாமி எண்பது நிமிஷமும் ஓடட்டும்.
அந்த முழங்காலில் உள்ளதையெல்லாம்
வெம்ப்ளிப் புல்லிலேயே கொட்டிவிட்டு வரட்டும்.
பிஸ்கட் டப்பா துள்ளிக் குதிக்கட்டும்.
ஞாயிறு முழுக்க இந்த ஊர் குடிக்கட்டும்,
திங்களும், செவ்வாயும்.
வியாழக்கிழமை நாங்கள் வருவோம்.
இவ்வளவு மனதார
நான் யாரையும் வாழ்த்தியதில்லை.

பெருக்கும்போது பார்த்தேன்:
ஐலீன் பெட்டியை மறந்துவிட்டிருந்தாள்.
நாற்பத்தேழு சீட்டு.
'விளக்குக்கு' என்று எழுதிய உறையில்
எட்டு பவுண்டு, கொஞ்சம் சில்லறை.
மழையில் அவர்கள் மைதானத்து விளக்குக்கம்பம் ஒன்று
கூரைகளுக்கு மேலே அணைந்து நின்றது.

ஒரு பவுண்டு போட்டு மூடினேன்.
ஏன் என்று கேட்டால்,
ரோட்டைப் பார்க்கணும்.
பஸ் நின்று
வெகுநேரம் ஆகியிருந்தது.