தெற்கெல்லை

தவமலர் கொண்டுவந்த பொலித்தீன் பையில்
உறுதி இல்லை.
எழுத்து அழிந்த சோலைவரித் துண்டு ஒன்று,
விதானையார் கடிதத்தின் போட்டோக்கொப்பி,
முகாமில் தந்த பங்கீட்டு அட்டை,
தென்னையில் சாய்ந்து நிற்கும் தகப்பனின் படம்.
"இந்தத் தென்னை இப்பவும் நிக்குது மிஸ்,
அவங்கட வேலிக்குள்ள."

அக்கரைப்பற்று நீதிமன்றத்துக்கு எதிரே,
கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் எனக்கொரு மேசை.
வியாழக்கிழமைகளில் காசு வாங்குவதில்லை.
மழை பெய்தால்
கோப்புகளை அறையின் நடுவுக்கு இழுப்பேன்.

எதிராளியிடம் எல்லாம் இருந்தது.
புது உறுதி, புது வரைபடம்,
கொங்கிறீட் தூண், முள்ளுக்கம்பி,
முருங்கைபோல் கிளைவிட்ட நொத்தாரிசின் கையெழுத்து.
இருபது வருடமாய்த் தடையின்றி ஆண்டுவருவதாக
ஒரு சத்தியக்கடதாசி.
அந்த இருபதில் பதினொரு வருடம்
காணிக்குள் நின்றது
மண்டையோடு வரைந்த வெடிப்பலகை.
அதைச் சொல்ல ஆள் வேண்டும்.
ஆள் சொன்னால் தாள் எங்கே என்பார்கள்.

காணிப் பதிவகத்துக்கு மூன்று தடவை போனேன்.
அந்தத் தொகுதி எரிந்துவிட்டது என்றார் முதலில்.
அடுத்த முறை, கரையான்.
மூன்றாம் முறை அவர் லீவு.

பிறகுதான் கேட்டேன்,
எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வியை:
உங்கள் அப்பா யாரோடு சண்டை?

தவமலர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.
"வடக்கு வளவு உதுமாலெவ்வை மாமாவோட.
ஒரு முழ வேலிக்கு ஒம்பது வருசம் வழக்கு.
அப்பா கதியால் நட்டா அவர் புடுங்குவார்,
அவர் நட்டா அப்பா.
தவணைக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்.
டிக்கட்ட ஒராள்தான் எடுப்பார்."

அட்டாளைச்சேனையில் இருந்தார்.
என் மேசையிலிருந்து ஐந்து கிலோமீற்றர்;
இத்தனை வருடமும் ஐந்தே கிலோமீற்றர்.

வயது எண்பத்தாறு. ஒரு காது கேளாது.
மற்றக் காதில் கதிராமப்போடி என்றேன்.
"அவன் கள்ளன்" என்றார் உடனே.
"ஒரு முழம் எனக்குத் தரோணும்."
கொஞ்சம் பொறுத்து,
"இரிக்கானா?"
"இல்ல மாமா. முகாமிலயே முடிஞ்சிது."
முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு கோழி குஞ்சுகளோடு வேலி தாண்டும்வரை
பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின் எடுத்துவந்தார்.

மடிப்பெல்லாம் பிளாஸ்டர் ஒட்டிய
அறுபத்தெட்டாம் ஆண்டு உறுதி.
வடக்கு: ஒழுங்கை.
கிழக்கு: வாய்க்கால்.
மேற்கு: முடிக்குரிய காணி.
தெற்கு: கதிராமப்போடியின் வளவும் அதிலுள்ள கிணறும்.

"உரத்துப் படிங்க" என்றார்.
படித்தேன்.
"இன்னொருக்கா."

தன் தாளில் எரிந்துபோன காணி
பக்கத்துத் தாளில்
எல்லையாய் உயிரோடிருந்தது.
டின்னின் அடியில் பழைய வழக்கின் முறைப்பாடு,
அவரே ஒப்பமிட்டது:
மேற்படி காணியின் உரித்தாளனாகிய பிரதிவாதி...
ஒன்பது வருடம் எதிர்த்தவன்தான்
உரித்தாளன் என்று எழுதிவைத்திருக்கிறான்.

போன தவணையில் வானில் கூட்டிவந்தோம்.
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நயமாகக் கேட்டார்,
இந்த வயதில் எல்லை எப்படி ஞாபகம் ஐயா?
"புடுங்கின ஒவ்வொரு கதியாலும் ஞாபகம்."
முதலியார் தலையைக் குனிந்து எழுதினார்,
சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு இன்னும் இல்லை. மாசியில் அடுத்த தவணை.
அன்றைக்கு நீதவான் லீவு என்றால் சித்திரை.

திரும்பும் வழியில், வான் சந்தியைக் கடக்கையில்,
உதுமாலெவ்வை கேட்டார்:
"வழக்கு வெண்டா, மகள்,
அந்த ஒரு முழம்?"

தவமலர் என்னைப் பார்த்தாள்.
நான் அவளுடைய சட்டத்தரணி.
ஒப்புக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டியவள்.
அறுவடை முடிந்த வயலை
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.