உப்பளத்தில் என் பெயர்

பிரானுக்குத் தெற்கே, அத்ரியாடிக் கரையில்,
கடலைச் சதுரம் சதுரமாய் வெட்டிக் காயவைத்திருக்கிறார்கள்.
ஜூலை முதல் தேதி, காலை ஏழு மணி.
லுப்லியானாவிலிருந்து நான், மரிபோரிலிருந்து அவள்,
கோடைப் பயிற்சிக்கு வந்த
இரண்டு உப்புக்குச் சப்பாணிகள்.

வான்யா என்றால் பையனாகவும் இருக்கலாம்,
பெண்ணாகவும் இருக்கலாம்.
சாஷாவும் அப்படியே.
எங்கள் ஊர்ப் பெயர்களின் இந்தத் தாராளத்தை
மேலாளர் போக்தனா அம்மாள்
மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிர்கொண்டார்.
சாஷா என்ற அட்டை என் கழுத்தில் விழுந்தது.
வான்யா என்ற அட்டை அவள் கழுத்தில்.

நான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் கையில் ஒரு பைனாகுலர், காலில்
முழங்கால் வரை பூட்ஸ்.
"சாஷா, உனக்குப் பறவைக் கணக்கு.
வான்யா, உனக்குக் கடைக் கணக்கு, ஏசி உண்டு."
கடைக் கணக்கு, அம்மா எனக்காக விண்ணப்பித்தது.
பறவைகள், அவள் அப்பா அவளுக்காக விண்ணப்பித்தவை.
அவள் என்னைப் பார்த்தாள்.
உதட்டின் மேல் ஒரு விரல்,
நகத்தில் பாதி உரிந்த பச்சைச் சாயம்.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

நெட்டைக்கால் உள்ளான்களை எண்ணினேன்.
எண்ணி முடிப்பதற்குள் பறக்கும், மறுபடி முதலிலிருந்து.
நாற்பத்தொன்று என்று எழுதி
அவள் பெயரில் கையெழுத்திட்டேன்.
அவள் உப்புச் சாக்லேட் விற்று
என் பெயரில் ரசீது கிழித்தாள்.

சிக்கல், கூப்பிடுவதில்.
வரப்பின் இந்த முனையில் நின்று
அந்த முனையில் சைக்கிளில் போகிறவளை நிறுத்த வேண்டும்.
"வான்யா!" என்று கத்தினேன்.
பதினேழு வருடமாய்
பல் துலக்கு, விளக்கை அணை என்பவற்றுக்கு முன்னால்
ஒட்டிக்கொண்டு வந்த பெயர்
என் வாயிலிருந்தே புறப்பட்டுப் போய்
அவள் தலையைத் திருப்பியது.
இவ்வளவு நல்ல பெயரா அது?

மதியம், பம்புக் கொட்டகை நிழலில்
தக்காளியைக் கடித்து
தரையிலிருந்தே உப்பைக் கிள்ளித் தூவிக்கொள்வாள்.
"சாஷா ரொம்ப நல்லவன்" என்பாள்,
ஏதோ தன்னைச் சொல்வது போல.
"வான்யா ரொம்ப அழகு" என்று
உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
தற்பெருமையாக ஒலித்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம்.
"சாஷா, உன் அப்பா!"
போக்தனா அம்மாள் ரிசீவரை நீட்டுகிறார்.
"மகளே, சாப்பிட்டாயா?"
"ம்."
"தொண்டைக்கு என்ன?"
"உப்புக் காற்று, அப்பா."
மறுநாளே வந்துவிட்டார்,
ஒரு கூடை பீச் பழம், இருமல் மருந்து.
உப்பு விற்கப் போனால் மழை என்பார்கள்.
அன்று நிஜமாகவே பெய்தது.

கடைக்குள் நால்வரும் நனைந்து நின்றோம்.
அவர் மகளைப் பார்த்தார், மகளின் அட்டையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், நெடுநேரம்.
பிறகு மருந்துப் புட்டியை என் கையில் திணித்தார்.
போக்தனா அம்மாள்
தலைமேல் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி,
"எனக்கு இரண்டாம் நாளே தெரியும்.
உள்ளான் கணக்கும் சரி, கல்லாக் கணக்கும் சரி.
எதற்கு மாற்றணும்?"

அட்டைகளை மாற்றிக்கொண்டோம்.
கயிறு அவள் கழுத்துச் சூட்டோடு வந்தது.

ஆகஸ்ட் கடைசி, பேருந்து நிறுத்தம்.
யாரோ ஒருத்தி தன் நாயை "சாஷா!" என்று அதட்டினாள்.
நாங்கள் இருவரும் திரும்பினோம்.
நாய் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
என் அட்டையின் பின்புறம் ஒரு தொலைபேசி எண்.
கடைசி இலக்கம் ஒன்றா, ஏழா?
ஏழைப் போட்டேன். கோப்பரில் ஒரு பல் மருத்துவர்.
இப்போது ஒன்றைப் போட்டிருக்கிறேன்.
மணி அடிக்கிறது.
எடுத்ததும் யாரென்று கேட்பாள்.
எந்தப் பெயரைச் சொல்ல?