ஒற்றைத் தட்டு

புளியரை எடைமேடையில் லாரி ஏறினால்
மேசை நடுங்கும்.
மேசைக்கடியில் பேக்கப் சர்வர்.
ஆறு வருஷமாக நடுங்கியிருக்கிறது,
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கு எப்போதிருந்து எரிகிறதென
இசக்கிதுரைக்குத் தெரியாது.
முன்னால் பழைய சீட்டுக் கட்டுகளை
அடுக்கி வைத்திருந்தார்.
உள்ளே கீச்சென்று கத்தியதைப்
பல்லி என்று நினைத்தாராம்.
தென்கிழக்கில் சொன்னால் பணவரவு,
காலண்டரின் பின்பக்கம் போட்டிருக்கிறதாம்.

புது வன்தட்டு புனலூரிலிருந்து
கேரளா பஸ்ஸில் வந்தது,
மலையாளப் பேப்பர் சுற்றி, கண்டக்டர் மடியில்.
"கல்லாணோ, மோளே?"
"கல்லுதான் சேட்டா. கீழே மட்டும் போட்டுடாதீங்க."

உள்ளே இரண்டு தட்டு.
ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்தவை,
வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.
செத்ததை விட்டு இருப்பதைப் பிடுங்கியவர்களை
எனக்குத் தெரியும்.
மூன்று முறை சத்தமாக வாசித்தேன்.
லாரி நம்பர் போல
இசக்கிதுரை திருப்பிச் சொன்னார்.

மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன்.
கறுப்புத் திரை.
பூட் ஆக எதுவுமில்லை என்றது.

தொடக்க நிரலை ஒரு தட்டில் மட்டும்
எழுதி விட்டிருக்கிறார்கள்.
அந்தத் தட்டுதான் இப்போது
பேப்பரில் சுற்றி என் பையில் கிடக்கிறது.
எந்த மடையன் செய்த வேலை என்று
வாய்வரை வந்தது.
மூடியின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில்
தேதி, அதன்கீழ் ஷம்சியா.
என் கையெழுத்து.
முதல் வேலை அது. அவசரமாக முடித்துவிட்டு
கடையநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பேன்.

சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவால் எழுப்பி
இந்த முறை இரண்டிலும் எழுதினேன்.

இனி பழைய தட்டை
ஓரத்திலிருந்து ஓரம்வரை வாசித்து
புதியதில் நிரப்ப வேண்டும்.
ஒன்பது மணி நேரம்.
அதற்கும் ஆறு வயது. அதற்கும் இதே நடுக்கம்.
நடுவில் அதுவும் போனால்?
"லாரியை நிறுத்த முடியுமா?"
"நிறுத்தினா செங்கோட்டை வரைக்கும் நிக்கும்."

பக்கத்துப் பஞ்சர் கடை சஜிமோன்
ஒரு லாரி ட்யூப் உருட்டி வந்தான்.
"எத்தனை பவுண்டு காத்து?"
பிள்ளை தூங்குகிற அளவு, என்றேன்.
அவன் சிரிக்காமல் அடித்தான்.
விரலால் அமுக்கிப் பார்த்துக் கொஞ்சம் இறக்கினான்.
மேலே பலகை, பலகைமேல் சர்வர்.

எண்டர் தட்டினேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று.

வைக்கோல் போனது. எம்-சாண்ட் போனது.
கோழிக் கூண்டுகள் ஈர இறகு உதிர்த்துப் போயின.
கணவாய்க் காற்று ஆடிச் சாரலை
ஜன்னல் வழியே உள்ளே வீசியது.
நாற்பத்தொன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் பேட்டரி வயிறு வீங்கியது,
இருபது நிமிஷம் தாங்கும்.
பதினேழில் வந்தது கரண்ட்.
அந்தப் பதினேழு நிமிஷமும் இசக்கிதுரை
சீட்டைக் கையால் எழுதினார்,
என்னைப் பார்க்காமல்.

விடியுமுன் நூறு.
இரண்டு பச்சை விளக்கு.

பதிவேட்டைத் திறந்தேன்.
கடைசி பேக்கப்: சித்திரை பதினொன்று.
மெயின் மிஷினில் யாரோ பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறார்கள்.
அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும்
இது போய்க் கதவைத் தட்டித்
திரும்பி வந்திருக்கிறது.
இரண்டு தட்டும் நலம்.
இரண்டிலும் வைகாசி இல்லை, ஆனி இல்லை.

"எல்லாம் இருக்கா?" முதலாளி போனில்.
"இன்னும் ஒரு மணி நேரத்தில் இருக்கும்."

எதையாவது மீட்டுப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.
கைக்கு வந்தது முதல் சீட்டு:
வண்டி எண் இடத்தில் டெஸ்ட்.
எடை நூற்று அறுபது கிலோ.
நானும் என் ஸ்கூட்டரும்.
சரக்கு என்ற இடத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன்.

போகும்போது மேடை வழியே ஓட்டினேன்.
"நூத்தி எழுபது!" ஜன்னலிலிருந்து இசக்கிதுரை.
"சரக்கு என்னன்னு போட?"
பின்னால் வாழைத்தார் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.