ஒரே பேட்டரி

பதினான்கு மடிக்கணினிகள் லாரியில் வந்தன.
ஹனோவரில் ஏதோ காப்பீட்டு அலுவலகம் கழித்துக்கட்டியவை.
உலியாஸ்தாயில் அன்று மைனஸ் முப்பத்துநான்கு.
உடனே திறக்காதீர்கள் என்றேன்.
குளிரிலிருந்து வந்த உலோகத்துக்கு உள்ளே வியர்க்கும்.
நூலகத்தில் போர்வை போர்த்திப்
படுக்க வைத்தோம்
ஒரு ராத்திரி முழுக்க.

நான் கணக்கு வாத்தியார்.
"உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்றார்
தலைமையாசிரியை நர்மந்தாக்.
நியமன ஆணை அவ்வளவுதான்.

முதல் நாளே பழைய விண்டோஸை அழித்தேன்.
பதினான்கிலும்.
ஒரே மூச்சில்.
கொஞ்சம் பெருமையோடுகூட.

பிறகு லினக்ஸ்.
மொழி கேட்டது, சொன்னேன்.
பெயர் கேட்டது, சொன்னேன்.
நாற்பத்தொரு சதவீதத்தில் உறைந்தது.
அடுத்தது முப்பத்தெட்டில்.
மூன்றாவது சின்னத்தைக் காட்டிவிட்டுக்
கறுத்தே போனது.
மெமரியைச் சோதித்தேன், பழுதில்லை.
வட்டை மாற்றினேன், பென்டிரைவை மாற்றினேன்,
நாற்காலியைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

தொடக்க வரியின் வாலில் ஒரு சொல்.
'சத்தம் போடாதே' என்று அதற்குப் பொருள்.
அதை அழித்தேன்.

இயந்திரம் பேசத் தொடங்கியது.
கறுப்பில் வெள்ளை வெள்ளையாய்
ஆலங்கட்டி மழை மாதிரி வரிகள்.
கடைசி வரி மட்டும் நின்றது,
விழுந்தவன் கையில் பிடித்திருந்த புல்போல:
ஃபர்ம்வேரில் பிழை.

கர்னல் புதிதாய்க் குடிவந்தவன்.
இந்த வீட்டில் யார் யார் என்று கேட்கிறான்.
ஃபர்ம்வேர் பழைய காவல்காரன்.
ஒரு பட்டியலை நீட்டுகிறது:
இன்ன முகவரியில் இன்னார்.
நம்பிப் போய்க் கால் வைக்கிறான்.
அங்கே தரையே இல்லை.

திருத்தம் எப்போதோ வந்துவிட்டதாம்,
அந்த அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை.
திருத்தம் விண்டோஸில் மட்டுமே ஓடும்.
விண்டோஸைத்தான் நான் கொன்றுவிட்டேனே.
நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

கொதிகலனுக்குக் கரி அள்ளும் தம்தின்
வாசலில் நின்று கேட்டார்,
"இன்றைக்கும் தூங்கப் போவதில்லையா?"
பதிலுக்குக் காத்திராமல்
இன்னொரு வாளி போட்டுவிட்டுப் போனார்.

பள்ளி இணையத்தில் சொட்டுச் சொட்டாய் இறக்கி
ஒரு கிழட்டு டாஸை பென்டிரைவில் ஏற்றி
விடியற்காலையில் திருத்தத்தை ஓட்டினேன்.
அது கேட்டது:
பேட்டரியில் பத்து சதவீதமாவது இருக்கிறதா?

பதிமூன்றில் இல்லை.
ஏற்றினாலும் ஏறாத, வீங்கிய, செத்த பேட்டரிகள்.
நான்காவதில் மட்டும் உயிர் இருந்தது.

அதைக் கழற்றி முதலாவதில் போட்டேன்.
ஏழு நிமிடம். தொடக்கூடாது.
கழற்றி இரண்டாவதில்.
ஏழு நிமிடம்.
ஊரில் இருக்கும் ஒரே நல்ல கோட்டை
ஒவ்வொருவராய்ப் போட்டுக்கொண்டு
நேர்காணலுக்குப் போவதுபோல்
பேட்டரி மேசை மேசையாய் நடந்தது.

ஒன்பதாவதின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது.
விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.
அறுபது சதவீதத்தில் ஊரில் மின்சாரம் போனது.
இருட்டில் விரல் நழுவியது.
எனக்கு முன்னால் ஒரு செங்கல்.

யாரிடமும் சொல்லவில்லை.
மின்சாரம் வந்ததும் பத்தாவதைத் திறந்தேன்.

இப்போது பதிமூன்று ஓடுகின்றன.
ஒன்பதாவதின் திரை பதினொன்றாவதில் இருக்கிறது,
விசிறி ஆறாவதில்.
மிச்சம் நூலக ஜன்னல் கதவு
காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது.

அழித்த அந்தச் சொல்லை
எதிலும் திரும்பப் போடவில்லை.
காலையில் பதிமூன்று திரைகளும்
ஒன்றாய்க் கொட்டித் தீர்க்கின்றன.
நடுவே இன்னும் ஒரு சிவப்பு வரி வரும்,
வந்துவிட்டுப் போகும்.

"சார், இது யாரைத் திட்டுகிறது?" என்றாள்
ஆறாம் வகுப்பு செரென்ல்ஹாம்.
"திட்டவில்லை. தன்னிடம் தந்த பட்டியலில்
ஏதோ தப்பு என்கிறது."
"தெரிந்துமா ஓடுகிறது?"

ஆமாம் என்றேன்.
அவள் ஒன்பதாம் எண் மேசையைத் தாண்டிப் போய்ப்
பத்தில் உட்கார்ந்தாள்.